பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஒரு நுரைப் படலம்

பெண் பார்க்க வருகிறவர்களிடம் பாடிக் காட்டலாம், சமைத்துக் காட்டலாம். ஆராய்ச்சியை மட்டும் காட்டக் கூடாது. நான் காட்டினேன்.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடப்படுவதற்குச் சில வருடங்கள் முன்பு. பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி நான். முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுக்கிற லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள், நுரைப் படலத்தை உடையாமல் எப்படி நிறுத்துகிறது என்பது என் ஆய்வு. (அப்பா வெளியில் "டாக்டருக்குப் படிக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.)

கோரமண்டல் என்ற சுரங்கக் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை அந்தோணி பெற்றோருடன் வந்திருந்தார். அவர் அம்மா கேட்டார்:

"இன்னாம்மா படிக்கிற?"

"நுரைங்க."

"சோப்பு நுரையா? அதுக்கா இத்தினி வருஷம்?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. லேபிலிருந்து கொண்டுவந்திருந்த கரைசலில் கம்பி வளையத்தை முக்கி, கண்ணாடி பாட்டிலுக்குள் தொங்கவிட்டு மூடி, மேஜைமேல் வைத்தேன். ஃபேனை நிறுத்தினேன்.

"யாரும் அசையாதீங்க, உடைஞ்சிடும்!"

மே மாதம். மாப்பிள்ளையின் அப்பா வேர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினார். முறைத்தேன். கை இறங்கியது. டீ டிரேயோடு வந்த என் அம்மா அவர் பக்கத்திலேயே சிலையாக நின்றுவிட்டார்.

படலத்தில் வானவில் நிறங்கள் ஓடின, வெளுத்தன. கறுப்புப் புள்ளி ஒன்று தோன்றிப் பரவியது.

"கறுத்துப்போச்சே, கெட்டுப்போச்சா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"இல்லீங்க, ரொம்ப மெலிஞ்சா அப்படித்தான். ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு இழுக்கும். மின்சாரம் கிட்ட வராதேன்னு தள்ளும். ரெண்டும் சரிக்குச் சரியா இருந்தா நிக்கும்."

அப்போது பூமிக்கடியில் ஒரு முழக்கம். வீடே குலுங்கியது. சுரங்கத்துக்குள் பாறை வெடிப்பு! டிரே கவிழ்ந்து, டீ முழுக்க மாப்பிள்ளையின் அப்பா வேட்டியில். சுட்டிருக்கும். ஆனால் அவர் கத்தவில்லை. என் தம்பி அந்த ஷிஃப்டில் கீழே சுரங்கத்தில் இருக்கிறான் என்று அவருக்கும் தெரியும். ஆபத்துச் சங்கு ஊதிவிடுமோ என்று எல்லோரும் உறைந்து நின்றோம். அம்மாவின் உதடுகள் மட்டும் ஜெபத்தில் அசைந்தன.

சங்கு ஊதவில்லை. வெகுநேரம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் கத்தினார்:

"ஆளு இல்லாத பழைய லெவல்லதானாம்! பசங்க அல்லாரும் நல்லா கீறாங்க!"

அம்மா தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்குப் பாட்டிலும் படலமும் மறந்தே போயிருந்தன.

"இன்னும் உடையலங்க!"

அந்தோணி. அத்தனை நேரமும் மேஜையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். எல்லோருக்கும் காட்ட பாட்டிலைப் பெருமையாகத் தூக்கினார். படலம் பட்டென்று உடைந்தது.

அப்போது வாடிப்போன அந்த முகத்துக்காகவே சம்மதித்தேன்.

இன்றும் எங்கள் சண்டை உச்சத்துக்குப் போனால், அடுக்களையிலிருந்து மாமியார் குரல் கொடுப்பார்: "இன்னா, இன்னும் உடையலையா?"