வாத்துக்கடை யாருக்குப் போனது?

அடுத்தவருடைய டிஷ் ஆன்டெனாவைத் திருட்டுத்தனமாகத் திருப்பியவன் நான். ரங்கூன் தாமுவேயில் பிள்ளைகளுக்குக் கணக்கும் நல்லொழுக்கமும் சொல்லிக்கொடுத்து, ஓய்வுபெற்று, அறுபத்தெட்டு வயதும் ஆன பிறகு செய்த காரியம் அது. (வாலிப முறுக்கு என்று சொல்லித் தப்பிக்கக்கூட வழியில்லை.)

எங்களுக்கு நேர் மேலே, ஐந்தாம் மாடியில், டோ லின் என்ற அம்மாள் தனியாக இருக்கிறார். கான்டனீஸ் பேசும் சீனக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் ரங்கூன்தான். மொட்டைமாடியில் அவர் வைத்திருந்த பெரிய டிஷ்ஷிலிருந்து எங்கள் வீட்டுக்கும் ஒரு ஒயர் இறக்கிக் கொடுத்திருந்தார். அதில் ஹாங்காங்கின் பேர்போன கான்டனீஸ் சானல் வரும். அப்போது அதில் தினமும் மாலை ஒரு தொடர். வாத்து வறுத்து விற்கும் ஒரு குடும்பத்தின் கதை. கிழவர் கடையை மூத்த மகனுக்குக் கொடுப்பாரா, எடுத்து வளர்த்த மகளுக்குக் கொடுப்பாரா? டோ லின் வளர்ப்பு மகள் கட்சி. கனடாவில் இருக்கும் அவருடைய தங்கை மூத்த மகன் கட்சி. அங்கேயும் அதே சானல், அதே வாத்து. ஒவ்வொரு நாளும் பார்த்து முடித்ததும் அக்காளும் தங்கையும் போனில் சண்டை போடுவார்கள். என் மனைவி பாக்கியத்துக்குக் கான்டனீஸில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் மேலே போய் டோ லின் பக்கத்தில் உட்கார்ந்து, சரியான இடத்தில் அழுதுவிட்டு வருவாள்.

தொடரின் கடைசிப் பகுதி வரும் அதே நேரத்தில், தமிழ்ச் சானல் ஒன்றில் பட்டிமன்றம் இருப்பதாகச் சென்னை உறவினர் சொன்னார். தலைப்பு, ‘குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பது கணவனா, மனைவியா?’ அதைக் கேட்டே ஆக வேண்டும் என்று மொட்டைமாடிக்கு ஏறி, டிஷ்ஷை மேற்கே தள்ளினேன். அடியில் ஒரு நட்டு உடைந்து தெறித்தது. கீழே வந்து பார்த்தால் பட்டிமன்றம் இல்லை. யாரோ புரியாத மொழியில் மிக்ஸி விற்றுக்கொண்டிருந்தார்.

பாக்கியம் ஓடிவந்தாள். “ஏங்க, படம் போயிடுச்சு! டோ லின் அழுறாங்க!”

“காக்கா உக்காந்திருக்கும்.”

“காக்காவா? அந்த டிஷ்ஷு மேல யானையே உக்காரலாம்!”

மறுநாள் காலை அவள் தின்கன்ஜூனில் இருக்கும் தன் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். மேலே டோ லின் வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. நண்பகலில் என் கதவைத் தட்டும் சத்தம். டோ லின்னின் தங்கை மகன் கோ வின், மிங்கலாடோனிலிருந்து குடும்பத்தோடு வந்து நின்றான். கையில் மலர்வளையம்.

“சயா,” என்றான். (வாத்தியாரைப் பர்மியில் அப்படித்தான் கூப்பிடுவோம்.) “பெரியம்மா நேத்துலேருந்து போன் எடுக்கல. கதவத் தட்டுனா சத்தமில்ல. கனடாவுல அம்மா ஒரே அழுகை. கடைசிப் பகுதி முடிஞ்சும் அக்கா சண்டைக்கு வரலேன்னா அக்கா உசுரோட இல்லைன்னு சொல்லிட்டாங்க.”

வளையத்தின் ரிப்பனில் டோ லின்னின் பெயர். கதையின் முடிவைப் பார்க்க முடியாத துக்கத்திலேயே அந்தம்மாள் போய்விட்டார் என்று நிச்சயமாக நம்பினேன்.

“நான்தாம்ப்பா,” என்று விம்மினேன். “நான்தான் கொன்னுட்டேன்!”

கோ வின் என் சட்டையைப் பிடித்தான். அவன் மனைவி வீறிட்டாள். அந்தச் சத்தத்தில் மாடிக்கதவு படாரென்று திறந்தது. இரண்டு காதிலும் விரலைச் செருகிக்கொண்டு டோ லின் படியில் நின்றார்.

“யாரும் முடிவைச் சொல்லக் கூடாது! சொன்னீங்க, கால உடைப்பேன்!”

அதற்காகத்தான் போனையும் எடுக்கவில்லை, கதவையும் திறக்கவில்லை. பிறகு அவர் கண் வளையத்தில் விழுந்தது.

“யாரு செத்தது?”

“நீங்கதான், பெரியம்மா.”

“எனக்கு இவ்வளவு சின்ன வளையமா?”

அத்தனை பேர் முன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அந்தக் காக்கா நீங்கதானா, சயா?”

மூன்று மணிக்கு மறு ஒளிபரப்பு உண்டு என்றான் கோ வின். டிஷ்ஷைத் திருப்பிப் பார்த்தோம். நட்டு இல்லாமல் நிற்கவில்லை. கையால் பிடித்தால் நின்றது. அப்புறமென்ன, பிடித்தேன். மழை வேறு பிடித்துக்கொண்டது. அதற்குள் திரும்பியிருந்த பாக்கியம் மாடி ஜன்னலில் நின்று கட்டளை போட்டாள்.

“கொஞ்சம் தூக்குங்க! இடது பக்கம்! ஐயோ, வாத்து போச்சு! ஆ, வந்துருச்சு, அசையாதீங்க!”

மூக்கு அரித்தது. சொறிந்துகொள்ள முடியவில்லை. போனில் தங்கை கனடாவிலிருந்து கத்துவது மொட்டைமாடி வரை கேட்டது. திடீரென்று கீழே ஒரே ஆரவாரம், கைதட்டல், யாரோ விசும்பும் சத்தம். (விசும்பியது பாக்கியம்தான்.)

நனைந்த கோழியாக இறங்கிப் போனேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டு தேயிலைச் சாலட் தின்றுகொண்டிருந்தார்கள். மலர்வளையம் டிவிக்கு மாலையாகியிருந்தது.

“கடை யாருக்குப் போச்சு?” என்று கேட்டேன்.

எல்லாரும் சாலட் தட்டுக்குள் குனிந்துகொண்டார்கள். டோ லின் மட்டும் சொன்னார்: “காக்காவுக்கெல்லாம் சொல்றதில்ல.”

அடுத்த வாரமே புது நட்டுப் போட்டுக் கொடுத்தேன். தமிழுக்குத் தனியாக ஒரு சின்ன டிஷ்ஷும் வைத்தேன். இப்போது பட்டிமன்றம் என்றால் டோ லின் கீழே வந்துவிடுகிறார். ஒரு சொல் புரியாமல், எல்லாரும் கைதட்டி முடித்த பிறகு தட்டுவார். ஆனால் வாத்துக்கடையின் முடிவை இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. என் பேரப்பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தாத்தாவிடம் சொல்லமாட்டோம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். செல்போனில் தேடினால் கிடைக்குமே என்பீர்கள். தேடுவதில்லை, செய்த தப்புக்குத் தண்டனை என்று இருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் கடுங்காய்ச்சல் வந்து, இனி பிழைக்கமாட்டேன் என்று நினைத்தேன். பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் போறதுக்கு முன்னாடி அதையாவது சொல்லிடு,” என்றேன்.

நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டாள்.

“போறதுன்னா போங்க. போற வழியில மொட்டைமாடிப் பக்கம் மட்டும் போயிடாதீங்க.”