ராணி தின்ற கேரட்

நான் முட்டாள் என்பதை ஊருக்குச் சொன்னது ஒரு குதிரை. (அதற்கு முன்பே சிலருக்குச் சந்தேகம் இருந்தது. ஆதாரம்தான் இல்லை.)

அப்போது கொடைக்கானலில் அறையெடுத்துத் தங்கி ஊட்டச்சத்தியல் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் நார்ச்சத்து, இரும்புச்சத்து என்று பக்கம் பக்கமாக எழுதுவேன். என் வயிற்றுக்கோ காலையில் டீயும் பன்னும், மதியம் நூடுல்ஸ். இரவில் ஒரு மாறுதல் வேண்டாமா? முட்டை போட்ட நூடுல்ஸ்.

இத்தனைக்கும் பூண்டியில் எங்களுக்குக் கேரட் தோட்டம் இருந்தது. அம்மா குளிரில் குனிந்து பிடுங்கி, கழுவி, நல்லதாகப் பொறுக்கி, சனிக்கிழமைதோறும் முதல் பஸ் கண்டக்டரிடம் எனக்கு ஒரு பை கொடுத்தனுப்புவாள். மிச்சம்தான் சந்தைக்குப் போகும். எனக்குக் கேரட் சீவுவதென்றால் மலையைச் சீவுவதுபோல. பையை அப்படியே ஏரிக்கரைக்குக் கொண்டுபோய், குதிரைச் சவாரி விடும் பஷீர் பாயிடம் கொடுத்துவிடுவேன். அவருடைய குதிரை ராணி தின்னும். பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு சுற்று இலவசம். வகுப்புப் பெண்கள் நடக்க வரும் நேரமாகப் பார்த்து ஏறுவேன். (பார்த்தார்கள், ராணியை.)

இந்த லட்சணத்தில், ஏழு நாள் சாப்பிட்டதை எழுதி வரச் சொன்னார் எங்கள் மேடம். உண்மையை எழுதினால் ஒரே வரியில் முடிந்துவிடும். கேரட் பொரியல், கேரட் சூப், கேரட் துருவிய சப்பாத்தி என்று அளந்துவிட்டேன். எல்லாம் அம்மா அனுப்பும் காய் என்று அடிக்குறிப்பு வேறு. மேடம் உருகிப்போனார். மாணவர்களின் சத்துணவு ஊர்வலத்துக்கு என்னையே முன்னால் நிறுத்தினார். அதோடு விட்டாரா? அம்மாவையும் போன் போட்டு அழைத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை அம்மா வெள்ளனே கிளம்பி, பட்டுச்சேலைக்கு மேல் ஸ்வெட்டருமாக வந்து இறங்கினாள். கையில் மேடத்துக்கு ஒரு பை கேரட்.

"நீ எழுதுனத மேடம் போன்ல படிச்சுக் காட்டுனாங்கடா. ஒண்ணக்கூட வீணாக்கலையாமே!" என்று என் கன்னத்தைத் தடவினாள். தடவுவதற்கு அங்கே அதிகமில்லை.

இலையோடு ஒரு கட்டுக் கேரட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஏரியைச் சுற்றி நடந்தேன். பக்கத்தில் அம்மா. வளைவில் ராணி நின்றது. என்னைக் கண்டதும் கயிற்றை உருவிக்கொண்டு வந்து, கட்டு முழுவதையும் இலையோடு தின்று முடித்து, என் கோட்டுப் பைக்குள் மூக்கை விட்டது.

"பாருங்கள், குதிரைக்கே கேரட்டின் அருமை தெரிகிறது!" என்று சமாளித்தேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. தப்பித்தேன் என்று நினைத்தபோது பஷீர் பாய் ஓடி வந்தார்.

"கோச்சுக்காதீங்க தம்பி! சனிக்கிழமையானா ஒங்க பைய எதிர்பாத்துப் புல்லத் தொடாமக் கெடக்கு. வெரசா குடுத்துருங்க."

"எந்தப் பைங்க பாய்?" என்றாள் அம்மா.

"பூண்டியிலேருந்து வருதேம்மா, அந்த மஞ்சப் பை. வாராவாரம் தம்பி மொத்தத்தையும் குடுத்துருவாரு. தங்கமான மனசு!"

ஊர்வலத்துக்காக ஏரிக்கரையிலேயே போட்டிருந்த ரத்தப் பரிசோதனை மேசைக்கு மேடம் என்னை நேராகத் தள்ளிக்கொண்டு போனார். ரத்தசோகை. வகுப்பிலேயே நான்தான் கடைசி. (மதிப்பெண்ணில்கூட அவ்வளவு கீழே போனதில்லை. அதுவும் மறுவாரம் போனது.)

அம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ராணியின் கழுத்தைத் தடவிப் பார்த்து, "நல்லா மினுமினுன்னு இருக்கு பாய்" என்றாள். மேடத்துக்குக் கொண்டுவந்த பையையும் அங்கேயே அவிழ்த்தாள்.

இன்று நான் திண்டுக்கல்லில் உணவு ஆலோசகர். வருகிறவர்களுக்கெல்லாம் கேரட் தின்னச் சொல்கிறேன். பூண்டியின் முதல் பஸ்ஸில் சனிக்கிழமைப் பை இன்னும் வருகிறது. நேராக பஷீர் பாய்க்கு. இப்போது ராணியின் குட்டி தின்கிறது.

போன வாரம் பொறுக்கமுடியாமல் போன் போட்டேன். "அம்மா, எனக்கும் ஒரு பை போட்டு விடும்மா."

"ஏன், நூடுல்ஸ் தீந்துபோச்சா?"