ஒரே கல்லுக்கு இரண்டு பெயர்

டெமுகோவில் மழைக்கும் விறகுப் புகைக்கும் நடுவே சௌக்கியமாக வாழும் என் அன்பு அக்கா ஹெரெமேட்டாவுக்கு, ராபா நூயித் தீவிலிருந்து உன் தம்பி பெட்டெரோ வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே என் முழங்கால்கள் நீங்கலாக எல்லாரும் நலம். அங்கே உன் நலம், அத்தான் நலம், உன் கோழிகளின் நலம் எல்லாம் அறிய ஆவல். நம் முன்னோர்கள் உங்களைக் காக்கட்டும். இந்த வாரம் அவர்கள் என்னைக் காக்கவில்லை, அந்தக் கதையைத்தான் எழுத வந்தேன்.

எல்லாம் உன் யோசனையால் வந்தது, அக்கா. உன் தெருக்காரர் அன்செல்மோ, ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், அவருடைய ஒரே பிள்ளை லௌதாரோ நம் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராக வந்து, வந்த வேலையை விட்டுவிட்டு என் மகள் மாயேஹாவைப் பார்த்தான் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். கல்யாணத்துக்குச் சம்மதம், ஆனால் முடிந்த கையோடு இருவரும் டெமுகோவுக்கு வந்துவிட வேண்டும், அங்கே பிள்ளைக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் சம்பந்தி இங்கே வர விமானம் ஏறினார். எனக்கு இருப்பது ஒரே பெண். அவளும் போய்விட்டால் நானும் என் வீட்டுக்காரி வைஹேரேவும் ஒருவர் முகத்தை ஒருவர் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? நீதான் எழுதினாய், வடக்குக் கரையோரமாக அவரை நடத்திக் கூட்டிக்கொண்டு போ, அந்தப் பாதையில் நடந்தவன் எவனும் மறுபேச்சுப் பேசமாட்டான் என்று. எழுதியவள் நீ, நடந்தவன் நான்.

புறப்படும் முன் முறைப்படி உமு வைத்தேன். விடியற்காலையில் குழி தோண்டி, கல்லைப் பழுக்கக் காய வைத்து, வெள்ளைச் சேவலை வாழையிலையில் சுற்றி உள்ளே இறக்கி, முன்னோர்களிடம் வழி கேட்டேன். உமு வைத்தவன் அதிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடக்கூடாது என்பது உனக்குத் தெரியும், சம்பந்திக்குத் தெரியுமா? எனக்கு வயிற்றுக் கோளாறு என்று நினைத்து, மிகவும் இரக்கப்பட்டு, என் பங்கையும் சேர்த்து அவரே சாப்பிட்டார். கிளம்பும்போது வைஹேரே என் காதோடு, பாதை தெரியுமா என்று கேட்டாள். சின்ன வயதிலிருந்து போகிற பாதை, கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன் என்றேன்.

“போனது குதிர. நீங்க மேல உக்காந்திருந்தீங்க” என்றாள்.

அந்த நேரத்தில் அதை நான் பொருட்படுத்தவில்லை. சம்பந்தி நடக்க வேண்டும் என்றதால் என் குதிரை கபித்தானை வீட்டுப் பக்கம் மேயவிட்டு, தே பேயு வரை வண்டியில் போய் இறங்கி நடக்க ஆரம்பித்தோம். டெமுகோக்காரர் இல்லையா, பளபளவென்று துடைத்த பூட்ஸும் கறுப்புக் குடையுமாக வந்தார். குப்புற விழுந்து கிடக்கும் ஒவ்வொரு மோவாய்ச் சிலைக்கும் தொப்பியைக் கழற்றினார். அதுவரைக்கும் நல்ல மனுஷர்தான். ஆனால் பெயர்ப்பலகை இல்லாத இடத்தில் ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கால் நகராது போலிருக்கிறது. இந்தப் பாறைக்கு என்ன பேர், அந்த மேட்டுக்கு என்ன பேர் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நம் தீவில் எல்லாக் கல்லுக்கும் பெயர் உண்டு, வாஸ்தவம்தான். எல்லாப் பெயரும் எனக்குத் தெரியும் என்று எப்போதாவது சொன்னேனா? இருந்தாலும் பெண்ணைப் பெற்றவன், சம்பந்தியிடம் தெரியாது என்று சொல்ல முடியுமா? மாமா வலை காய வைத்த பாறை என்றேன், இரண்டு விதவைகள் கோபித்துக்கொண்ட மேடு என்றேன். அவர் சாய்ந்து இளைப்பாறிய ஒரு பெரிய கல்லுக்கு, மழைக்கு முதுகு காட்டிய கல் என்று பெயர் வைத்தேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

அத்தோடு விட்டிருக்கலாம். கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் குழந்தைகூட அனகேனா கடற்கரைக்குப் போய்ச் சேரும். கபித்தான் வழக்கமாகப் போகிற குறுக்கு வழி ஒன்று இருக்கிறது, காட்டுகிறேன் என்று பெருமையாக மேலே ஏறினேன். தெரேவாகா மலையிலிருந்து மேகம் இறங்கி எங்களை மூடியது. கடல் சத்தம் நாலு பக்கமும் கேட்டது. ஏறினோம், இறங்கினோம், கொய்யாப் புதரில் புகுந்தோம், ஒரு காளையைப் பார்த்து வந்த வழியே ஓடினோம், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரு பெரிய கல் தெரிந்தது. இதுக்கு என்ன பேர் என்றார். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்று கேட்காதே.

“அப்படியா? அப்போ என் குடை இங்க எப்படி வந்துச்சு?” என்றார் சம்பந்தி.

பார்த்தால் மழைக்கு முதுகு காட்டிய கல்லேதான், அவர் மறந்து வைத்துவிட்டு வந்த குடை அதில் சாய்ந்து நிற்கிறது. அக்கா, எனக்கு உயிரே போய்விட்டது. அவர் குடையை எடுத்து, துடைத்து, விரித்துக்கொண்டு, “நானும் ஆயுசு பூரா ரயில் விட்டிருக்கேன், சம்பந்தி. கிளம்புன ஸ்டேஷனுக்கே திரும்பி வந்த வண்டிய இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்றார்.

எங்களைக் காப்பாற்றியது கபித்தான். நான் இல்லாமலே தன் வழக்கமான சுற்றுக்குக் கிளம்பி, மேகத்துக்குள்ளிருந்து மென்றுகொண்டே வந்தது. அதன் வாலை நான் பிடித்துக்கொண்டேன், என் சட்டையைச் சம்பந்தி பிடித்துக்கொண்டார். கல்வட்டத்துக்குள் வாழை வளரும் பழைய தோட்டத்தில் நின்றது, பழம் சாப்பிட்டோம். மழைக்கு நான் ஒதுங்கும் குகையில் நின்றது. நான் தூங்கும் புல்தரையில் நின்றது, நான் தூங்கும் இன்னொரு புல்தரையிலும் நின்றது. மாடு பார்க்கப் போகிறேன் என்று நான் வீட்டில் சொல்வதன் அர்த்தம் சம்பந்திக்குப் புரிந்துவிட்டது. “இது எக்ஸ்பிரஸ் இல்ல, பாசஞ்சர்” என்றார். அனகேனாவில் பொழுது சாயும் நேரத்தில் வைஹேரே வண்டியோடு காத்திருந்தாள். வீடு வரும்வரை அவர் வாயே திறக்கவில்லை, அக்கா. எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாயேஹாவுக்கும் தெரிந்திருக்கும். அழவில்லை, டெமுகோ குளிருக்கென்று கம்பளிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து மடித்து வைத்தாள்.

ஆகையால் அவளை உன் பெண்ணாக நினைத்துப் பார்த்துக்கொள். அடுப்புக்குப் பக்கத்து அறையைக் கொடு. கடல் மீன் கிடைத்தால் வாங்கிப் போடு, ஆற்று மீன் அவளுக்கு இறங்காது. மழையில் தனியாக விடாதே. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நம் தாய் தகப்பன் ஆசி எப்போதும் உனக்கு உண்டு.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்ட தம்பி
பெட்டெரோ

பின்குறிப்பு: விமானம் வராததால் கடிதம் இங்கேயே கிடந்தது, அதனால் பிரித்து எழுதுகிறேன். மறுநாள் காலையில் சம்பந்தியைக் காணோம், கபித்தானையும் காணோம். மத்தியானம் இருவரும் வாழைத்தாரோடு வந்து சேர்ந்தார்கள். நான் தயங்கித் தயங்கி டெமுகோ பேச்சை எடுத்தேன். “பிள்ள பக்கத்துல இருக்கணும்னு கேட்டேன். டெமுகோவுலதான் இருக்கணும்னு எங்க கேட்டேன்? அந்த வீட்டுல நான் யாரோட பேசுறது, சம்பந்தி?” என்றார். அவர் இங்கேயே இருக்கப் போகிறார். மாயேஹாவும் இங்கேதான். கம்பளிச் சட்டை பெட்டிக்குள் திரும்பப் போய்விட்டது, வைஹேரே சிரித்துக்கொண்டே அழுகிறாள். கபித்தானுக்குச் சம்பந்தி கால அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார், அது மதிக்கவில்லை. ஆகவே அறை வேண்டாம், மீன் வேண்டாம், மேலே எழுதிய எதுவும் வேண்டாம். அவர் வீட்டுச் சாவியை அடுத்த வீட்டில் வாங்கி, கட்டிலை மட்டும் கப்பலில் ஏற்றி அனுப்பு.

இன்னொன்று. அந்தக் கல்லுக்கு நான் சொன்ன இரண்டாவது பெயரைச் சம்பந்தி ஊரெல்லாம் பரப்பிவிட்டார். இன்று காலை வழிகாட்டி ஒருவன் வெளியூர்க்காரர்களை அதன் முன்னால் நிறுத்தி, இது முன்னோர்கள் வைத்த பெயர் என்று சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாரும் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். ‘ஹெரெமேட்டா குறட்டை விட்ட கல்.’ பசி மயக்கத்தில் வாயில் வந்துவிட்டது, அக்கா, மன்னித்துக்கொள். கல்யாணத்துக்கு வா, ஆனால் அந்தப் பாதையில் மட்டும் நடக்கக் கேட்காதே.