முடிச்சு அண்ணனும் பொந்துக்குள் போன உடும்பும்

அலோர் காஜாவிலிருந்து சுங்கை ஊடாங் வரை வீடு வீடாகத் தேடினாலும், முடிச்சு அண்ணனைப் போல் கயிற்றைக் காதலித்த ஆள் கிடைக்க மாட்டார். லோரியில் சாமான் ஏற்றுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை தொண்டூழிய மீட்புக் குழுவில் பயிற்சி. மற்ற நேரமெல்லாம் அடுத்தவர் முடிச்சில் குறை கண்டுபிடிப்பார்.

சிம்பாங் அம்பாட்டில் பாய் கடையில் பொட்டலத் தேநீர் வாங்கினால், பிளாஸ்டிக் பையின் வாயைக் கட்டிய ராபியா கயிற்றைத்தான் முதலில் பார்ப்பார்.

"பாய், இந்த முடிச்ச நம்பி ஒரு ஆள தூக்க முடியுமா?"

"டீ வீடு போய்ச் சேந்தா போதும்லா" என்பார் பாய்.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்டும்போது இவர் மணவறைக்குள் தலையை நீட்டிவிட்டார்.

"மாப்ள, ரெண்டு தடவையும் வலதையே மேல போட்டீங்க. அது வழுக்கிடும். அடுத்தது இடது வரணும்."

"ஏன்டா, நீ அட்சதை போட வந்தியா, கயிறு பாக்க வந்தியா?" என்று பெண்ணின் அத்தை முறைத்தார். மாப்பிள்ளை பயந்துபோய் அவிழ்த்துக் கட்டினார். அதுவரை மேளக்காரர் கன்னம் உப்ப ஊதிக்கொண்டே இருந்தார்.

நானும் சிரித்தவன்தான், பிள்ளைகளே. கோயில் திருவிழாவுக்கு மாவிலை பறிக்கப் பழைய தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் போன அன்றுதான் என் சிரிப்பு நின்றது. புல் மூடிய மரப்பலகையில் கால் வைத்தேன். உளுத்த பலகை. கீழே பாழுங்கிணறு. அந்த மாதிரிப் பலகையை எங்கே பார்த்தாலும் சுற்றிப் போங்கள்.

நெஞ்சளவு தண்ணீர். காலடியில் சேறு இளகி என்னை உள்ளே இழுத்தது. கூட வந்த மச்சான் மாட்டுக் கயிற்றில் சுருக்குப் போட்டு இறக்கினார். நான் அதை அக்குளுக்குக் கீழே மாட்டிக்கொண்டேன். அதற்குள் செய்தி கேட்டு முடிச்சு அண்ணன் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அதக் கழட்டு. அது சுருக்கு. இழுக்க இழுக்க நெஞ்ச நெரிக்கும்."

"மொதல்ல தூக்குங்கண்ணே, தண்ணி கழுத்துக்கு வந்துருச்சு."

"தூக்குனா நீ வருவ, மூச்சு வராது."

கழற்றினேன். கயிறு மேலே போனது. நான் தனியாக நின்றேன். மேலே அவர் பயிற்சியில் சொல்வது போலவே சத்தமாகச் சொல்லிக் கட்டினார். கயிற்றின் நுனிதான் உடும்பு, அதில் போடும் சின்ன வளையம்தான் பொந்து.

"உடும்பு பொந்த விட்டு வெளிய வருது. செம்பனை மரத்தச் சுத்துது..."

"சீக்கிரம் உள்ள போகச் சொல்லுங்கண்ணே."

"போயிருச்சு தம்பி."

இறுகாத வளையம் இறங்கியது. அதை மாட்டிக்கொண்டேன். மறுமுனையை மாமரத்தில் சுற்றிக் கட்டிவிட்டு, அவரும் மச்சானும் இழுத்தார்கள். கிணற்றின் விளிம்பில் என் வயிறு பட்டதும் அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

அந்த முடிச்சு எவ்வளவு பாரம் தாங்கினாலும் கண்ணை மூடிக்கொண்டு அவிழ்க்கலாம் என்பது அவர் பெருமை. அன்று என் பக்கத்தில் மண்டியிட்டு அதைப் பிடித்தார். கண்ணைத் துடைத்தார், மறுபடி பிடித்தார், முடியவில்லை.

கடைசியில் நான்தான் அவிழ்த்தேன். அதன் பிறகு என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.