சமையலறைக்குள் வந்த இடது இறக்கை

செம்பூர், பம்பாய்,
5-2-1986

அன்புள்ள நாணு அண்ணாவுக்கு,

தங்கை விஜயலக்ஷ்மி அநேக நமஸ்காரங்களுடன் எழுதியது. இவ்விடம் நான், அவர், சமையலறை ஜன்னலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் விமான இறக்கை, மூவரும் சௌக்கியம்.

இறக்கையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீ வக்கீல், அதை எடுக்கச் சொல்லி ஒரு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதன் சரித்திரத்தைக் கேட்பாய். தாராவியில் லேத் பட்டறை வைத்திருந்த மன்சூர் அலி, ஐந்து வருஷம் முன்பு எங்கள் கட்டிடத்தின் பின்னால் தகரக் கொட்டகை போட்டு 'விமானப் பல்கலைக்கழகம்' என்று பலகை மாட்டினார். அப்போது பல்கலைக்கழகம் என்பது ஒரு பழைய எஞ்சின், மூன்று மாணவர்கள். பிறகு மூக்கு வந்தது, அதன் பின் வால் வந்தது, மாணவர்கள் பதினெட்டு ஆனார்கள். போன தீபாவளிக்கு இறக்கைகளும் வந்து பொருத்தியபோது வலதுக்குக் கொட்டகை வாசல் கிடைத்தது, இடதுக்கு என் ஜன்னல். "ஒரு முழந்தான் உள்ள வரும் மாமி. சன்னலத் தொறந்தே வச்சிக்கிடுங்க. பிள்ளைங்க படிப்பு விசயம்லா" என்றார். நானும் படித்தவள், தலையாட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து ஜன்னல் சாத்துவதில்லை. பூனை இறக்கை மேல் நடந்து வந்து தயிர் சாப்பிடுகிறது. இவரோ, "தோசை வார்த்துண்டே லண்டன் போயிடுவாய் போலிருக்கே" என்கிறார். அதுதான் அண்ணா விஷயம். காலையில் சோற்று ஆவி இறக்கை மேல் மேகம்போலப் படர்கிறது. அடுப்படி மெல்ல எழும்புகிறது. முதலில் பக்கத்துச் சுனாபட்டிக் கூரைகள், பிறகு கடல். பி.ஏ.யில் பூகோளம் எடுத்து, படத்தில் மட்டும் வண்ணம் தீட்டிய தேசங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே வருகின்றன. நேற்று ஆப்பிரிக்கக் கரை தெரிந்த நேரத்தில் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. இந்த வாரத்தில் நான்காவது தடவை. குடும்பஸ்திரீக்கு இது அடுக்குமா? ஆகவே தயவு தாட்சண்யம் பார்க்காமல் கடுமையாக எழுதவும்.

மன்னிக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

உன் தங்கை,
விஜயலக்ஷ்மி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மன்சூர் அலி வந்தார். "கோபர்கைரனேல பெரிய எடம் கெடச்சிட்டு மாமி. வார திங்கக்கெழம றெக்கையக் கழத்திருவோம். இனி நிம்மதியாச் சன்னலச் சாத்திக்கிடலாம்" என்றார். நோட்டீஸைக் கட்டாயம் அனுப்பு. ஆனால் இறக்கையைக் கழற்றக் கூடாது என்று எழுது. திங்கட்கிழமைக்குள் வந்துசேர வேண்டும் அண்ணா. நான் இன்னும் ஆப்பிரிக்காவைத் தாண்டவில்லை.