மூன்றாவது ஹெட்போன்

இந்த வருடத் திருவிழாப் பாட்டில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை என் குரல்தான் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஜூலை மாதத்து முதல் ஞாயிறு, பூசை முடிந்து மட்டன் கடை வரிசையில் நிற்கும்போது எடுத்த முடிவு. பெரிய முடிவுகளை நான் அங்கேதான் எடுப்பது வழக்கம். வீட்டில் அதற்கு அனுமதி கிடையாது.

என் பெயர் ஆரோக்கியசாமி. பட்டாபிராமில் வீடு. பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் தடதடவென்று இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர், சாயங்காலம் இசையமைப்பாளர். பீரோ இருக்கும் அறைதான் ஸ்டுடியோ. அதில் ஒரு கீபோர்டு, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு ஹெட்போன். இத்தனையும் வைத்துக்கொண்டுதான் போன வருடம் மானத்தைத் தொலைத்தேன்.

எங்கள் பங்கில் மாதா திருவிழாவுக்கு ஒன்பது நாள் நவநாள். ஒரு நாளைக்கு ஒரு அன்பியம். அன்பியம் என்றால் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கும் இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்த குழு. ஒவ்வொரு அன்பியமும் சொந்தமாக ஒரு பாட்டு பதிவு செய்து கோயிலில் போட வேண்டும். ஒன்பதில் ஒன்றை ஃபாதர் தேர்ந்தெடுப்பார். அது தேர்பவனியில் தெருத்தெருவாக ஒலிக்கும். எங்கள் அன்பியத்தின் பாட்டுக்கு நான்தான் பொறுப்பு. வேறு யாரிடமும் கீபோர்டு இல்லை என்பது ஒரு சின்ன காரணம்.

போன வருடப் பாட்டு என் ஹெட்போனில் கேட்டபோது தரை அதிர்ந்தது. கோயில் ஸ்பீக்கரில் போட்டபோது கொசு பறந்தது. அடியில் கனமே இல்லை. என் குரல் மூக்கிலிருந்து புறப்பட்டு மூக்கிலேயே நின்றுவிட்டது. கோரஸில் என் மனைவி ஜெயசீலி பாடிய நாலு வரி மட்டும் தெளிவாகக் கேட்டது. பூசை முடிந்ததும் ஊரே அவளைச் சூழ்ந்து பாராட்டியது. என்னிடம் ஒரே ஒருவர் வந்தார். சளி எத்தனை நாளாக இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அதனால்தான் அந்த முடிவு. இந்த முறை கோரஸே கிடையாது, நான் மட்டும்தான்.

பக்கத்து வீட்டு டில்லிபாபுவிடம் யோசனை கேட்டேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் சவுண்டு பெட்டி வாடகைக்கு விடுகிறவன். என் ஹெட்போனை மாட்டி இரண்டு நிமிஷம் கேட்டான். கழற்றி, துக்க வீட்டில் மாலையை வைப்பது போல மேஜை மேல் வைத்தான்.

"அண்ணாத்தே, இது உன்ன ஏமாத்திகினு கீது. இல்லாத பேஸை, அதான் அடிச் சத்தத்த, இதுவே சேத்துக் குடுக்குது. நீ போதும்னு நெனச்சிகினு பாட்டுல கொறச்சிடற. கோயில் பொட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது. கீறத தான் பாடும்."

"அப்போ இன்னா பண்றது?"

"பேலன்ஸா இருக்கிற ஹெட்போன் வோணும். அது கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது. பாட்டு கேக்கறவனுக்கு இன்னா வேணா இருக்கலாம். பாட்டு போடறவனுக்கு இது தான்."

மறுநாளே தெரிந்த கடையிலிருந்து மூன்று ஹெட்போன்கள் கொண்டுவந்து கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்ப வேண்டும். எது பேலன்ஸ் என்று அவன் சொல்ல மாட்டானாம், என் காதுதான் சொல்ல வேண்டுமாம். பதினெட்டு வருடம் பிரஸ் ஷாப்பில் பழுத்த காது, சொல்லாமல் எங்கே போகும் என்று வாங்கி வைத்தேன்.

என் குரலைப் பதிவு செய்து மூன்றிலும் கேட்டேன். முதலாவதில் நான் மேடையில் நின்றேன், கீழே பத்தாயிரம் பேர். இரண்டாவதில் என் குரல் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தது. மூன்றாவதை மாட்டினேன். யாரோ ஒரு மனிதர் மூச்சு வாங்கியபடி, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சுருதியை விட்டுக் கீழே சறுக்கிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. மூன்றாவது ஹெட்போன் பழுதான பீஸ் என்று தெரிந்துகொண்டேன்.

இந்த இடத்தில் ஜெயசீலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரையான்சாவடியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் வேலை. கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்று சொல்லுவாள். ஒரு நாளைக்கு இருபது முப்பது பேர் அவள் சொல்லிக் கையைத் தூக்குகிறார்கள். நான் பதினாலு வருடமாகத் தூக்கிக்கொண்டிருக்கிறேன். நல்லவள்தான். எனக்குத் தெரிந்து அவள் சொல்லும் பொய் ஒன்றே ஒன்று, நான் குறட்டை விடுகிறேன் என்பது. ஆதாரம் எங்கே என்று கேட்டால் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். வாய் திறந்து சண்டை போடுகிறவர்களைச் சமாளிக்கலாம், சிரிக்கிறவர்களை என்ன செய்வது?

கட்டில் மேல் மூன்றையும் பார்த்தவள், எதை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று கேட்டாள். முதலாவது என்றேன்.

"ஏன்?"

"அதுல தான் என் குரல் சரியா கேக்குது."

"சரியான்னா? நல்லாவா, உள்ளபடியா?"

ஒயரைச் சுருட்டினேன். ஜெயசீலி கட்டிலில் உட்கார்ந்தாள். கிளினிக்கில் தினமும் காலையில் முதல் ஆள் வருவதற்கு முன் மெஷினைத் தன் காதில்தான் வைத்துப் பார்ப்பாளாம். தன் காதுக்கு எது எவ்வளவு கேட்கும் என்று அவளுக்கு மனப்பாடம். அதில் மாறிக் கேட்டால் கோளாறு மெஷினில், காதில் இல்லை.

"தெரியாத சத்தத்த வெச்சு எதையும் அளக்க முடியாதுங்க. உங்க குரல் எப்டி கீதுன்னு உங்களுக்கே தெரியாது. நம்ப ஊட்டு சத்தத்த வெச்சுப் பாப்போம்."

இதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஒப்புக்கொள்ளவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மைக்கை ஒயரோடு இழுத்துக்கொண்டு வீட்டில் அங்கங்கே வைத்து எதையெதையோ பதிவு செய்தாள். மைக் உறுதியானதுதான், மேலே சட்னி தெறித்தும் தாங்கியது. ஞாயிறு சாயங்காலம் என்னை உட்காரவைத்து மூன்று ஹெட்போனையும் வரிசையாக மாட்டிவிட்டாள். முதல் சத்தம் எங்கள் மிக்சி. முதலாவது ஹெட்போனில் அது ஆவடியில் இறங்கும் ஹெலிகாப்டர். மூன்றாவதில் மிக்சியேதான், மூடி லூசாக இருப்பதுகூடக் கேட்டது. இரண்டாவது சத்தம் எங்கள் வீட்டுக் கேட். இரண்டாவது ஹெட்போனில் கேட் எண்ணெய் போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு திறந்தது. மூன்றாவதில் கிறீச்சென்றதும் யார் வந்தது என்று எழுந்து வாசலைப் பார்த்தேன்.

"எழுந்து பாத்தீங்க இல்ல? அது தான் பேலன்ஸு" என்றாள்.

கடைசியாக இன்னொரு சத்தம் வைத்தாள். மூன்றாவது ஹெட்போனில் அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆழமான, உருண்டையான ஒரு அடிச் சத்தம். மெல்ல ஏறி, அப்படியே நின்று, நிதானமாக இறங்கியது.

"இது இன்னான்னு சொல்லுங்க?"

"நம்ப மிலிட்டரி சைடிங் ரயில் லைன்ல கூட்ஸ் வண்டி. டேங்கு ஏத்திகினு மெதுவா நகருது."

"உங்களுக்கு அப்டியா கேக்குது?"

"பதினெட்டு வருஷ காது, ஜெயா. கண்ண மூடிகினு சொல்லுவேன்."

அவள் முகத்தைத் திருப்பி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். நான் கும்பிடாத குறையாக அந்தச் சத்தத்தைக் கேட்டு வாங்கினேன். போன வருடம் என் பாட்டில் இல்லாமல் போனது இதுதான். கீபோர்டு பேஸ் சினிமா மாதிரி இருக்கிறது என்று ஃபாதர் வேறு சொல்லியிருந்தார். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து அதை இழுத்து, ஒட்டி, சுருதி சேர்த்து, பாட்டின் முதலிலிருந்து கடைசிவரை தம்புரா மாதிரி அடியில் ஓடவிட்டேன். மூன்றாவது ஹெட்போன் துளி சேர்க்கவில்லை, துளி குறைக்கவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த நல்ல வேலை அது.

பிறகு அதன் மேல் நான் பாடினேன். அங்கேதான் விவகாரம் ஆரம்பித்தது. சறுக்கும் அந்த மனிதர் திரும்ப வந்துவிட்டார். பல்லவியை ஒன்பது முறை பாடினேன், ஒன்பது முறையும் அவரே வந்தார். கதவைச் சாத்திப் பாடினேன். வெந்நீர் குடித்துப் பாடினேன். பழைய ஹெட்போனாக இருந்திருந்தால் என்னைத் தட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கும். இது ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாது. நான்காம் நாள் சரணத்தை நானே அழித்தேன். ஐந்தாம் நாள் பல்லவியும் போனது. நவநாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. என் கையில் ஒரு கூட்ஸ் வண்டிதான் மிச்சம்.

ஜெயசீலியிடம் போய் நின்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் நாலு துண்டு மடித்தேன்.

"நான் பாடணுமா?" என்றாள்.

"பாடு. ஆனா மொத வரிலர்ந்து கடசி வரிக்கும் என் குரல் இருக்கணும்னு நெனச்சேன். அதான் மனசு கேக்கல."

"இருக்கும். மாதா சத்தியமா இருக்கும். அந்தக் கூட்ஸ் சத்தத்த மட்டும் எடுத்துராதீங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

பாட்டுக்கு முன்னால் மைக்கில் என் பெயரை அழுத்திச் சொல்லப்போகிறாள் என்று நான் அர்த்தம் செய்துகொண்டேன். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து, கைகூடத் துடைக்காமல் மைக் முன்னால் நின்று பாடினாள். ஒரே முறை. மூன்றாவது ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். அவள் மூச்சு எடுக்கும் இடம், சொல்லை மென்மையாக வைக்கும் இடம், மாதாவிடம் பேசுவதுபோல் குரல் லேசாக உடையும் இடம் எல்லாம் கேட்டது. பதினாலு வருடமாக இந்தக் குரல் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறது, நான் இதைக் கேட்டதே இல்லை. கண் கலங்கிவிட்டது. ஹெட்போன் காதை அழுத்துகிறது என்று சொல்லிவைத்தேன்.

எங்கள் அன்பியத்தின் நாள் வந்தது. கோயிலில் பாட்டைப் போட்டதும் அந்த அடிச் சத்தம் டைல்ஸ் தரையிலிருந்து கால் வழியாக ஏறியது. அதன் மேல் ஜெயசீலியின் குரல் மிதந்தது. கைக்குழந்தைகள்கூட அழவில்லை. மற்ற எட்டையும் கேட்டு முடிக்கும்வரைகூட ஃபாதர் காத்திருக்கவில்லை. தேர்பவனிக்கு இந்தப் பாட்டுதான் என்று அங்கேயே அறிவித்தார். பங்கே கைதட்டியது. டில்லிபாபு விசில் அடிக்கப்போய், கோயில் என்று ஞாபகம் வந்து விரலை எடுத்துக்கொண்டான்.

ஃபாதர் எங்கள் இருவரையும் முன்னால் கூப்பிட்டார். மைக்கைப் பிடித்தபடியே, "ஆரோக்கியசாமி, ஜெயசீலியின் குரல் அருமை. ஆனால் முதலிலிருந்து கடைசிவரை அடியில் ஒரு சுருதி போகிறதே, உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. அது என்ன வாத்தியம்?" என்று கேட்டார்.

நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, மிலிட்டரி சைடிங்கிலிருந்து ஆரம்பிக்க வாய் திறந்தேன். அதற்குள் மைக் ஜெயசீலியின் கைக்குப் போயிருந்தது.

"வாத்தியம் இல்ல ஃபாதர். அது எங்க ஊட்டுக்காரர் குரல் தான். ஞாயித்துக்கெழமை மத்தியானம் சாப்ட்டுட்டுத் தூங்கும்போது மட்டும் தான் சுருதி நிக்கும்."