நல்ல நேரம் பார்த்து சைட் மாற்றியவர்

இதை முதல்முதலில் எனக்குச் சொன்னது மாட்டிக்கொண்ட ராமதாஸ் தம்பியேதான். 2009ல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மலை சுற்றக் கிளம்பியவள், அக்னி லிங்கத்தில் விபூதி வாங்கிக்கொண்டு திரும்பினால், அங்கேயே வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர்.

"அம்மா, நான் ஒரு பாவம் பண்ணிட்டேன்."

"சாமிகிட்ட சொல்லிட்டியாப்பா?"

"சொன்னேன். அவர் ஒண்ணும் பேசலை. அதான் உங்ககிட்ட சொல்றேன்."

விஷயம் இதுதான். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு அவரும் மனைவி சந்திரகலாவும் இண்டர்நெட்டில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார்கள். இவர் புலவர் படிப்பு. பன்னிரண்டு இலக்கணப் பாடம் எழுதியிருந்தார். அவள் கல்யாணத்துக்கு முன்னால் கீழ்பென்னாத்தூரில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தவள். அந்த சைட்டையே அவள்தான் கட்டினாள். மூணு வருஷமாக, தன் குரலிலேயே பேசி நாற்பது பாடம் போட்டிருந்தாள். ஆட்டோவில் பேரம் பேசுவது, ஓட்டலில் காரம் கம்மியாகக் கேட்பது, கோயில் வாசலில் விட்ட செருப்பைத் தேடுவது. படிக்கிறவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

ஒருநாள் டீக்கடையில் ஒரு வெள்ளைக்காரம்மா இவரைப் பார்த்துக் கும்பிட்டு, தெளிவான தமிழில் கேட்டாளாம்: "நீங்க சந்திரா டீச்சர் வீட்டுக்காரரா?"

"புலவர்ம்மா நான்! வீட்டுக்காரராம்!"

அந்த டீயோடு இவருக்கு ஒரு வைராக்கியம் வந்துவிட்டது.

அதே வாரம் சந்திரகலா சொல்லியிருக்கிறாள்: "ஏங்க, நம்ம சைட்டு ரொம்பப் பழசாயிடுச்சு. இந்த மாசத்தோட வேலை செய்யாதாம். புதுசுக்கு மாத்தணும். பாடம், மார்க்கு எதுவும் போயிடக் கூடாது. நான் பார்த்துக்கறேன்."

"நீ எதுக்கு? நான் மாத்தறேன்."

"மவுஸைத் தொட்டாலே உங்களுக்குக் கை நடுங்குமே?"

"இந்த வீட்டுக்கு ஆம்பளை யாரு?"

"அதுல சந்தேகமே இல்லைங்க. மவுஸ்லதான் சந்தேகம்."

மாற்றும்போது அவள் பாடம் நாற்பதும் 'தவறிப்போய்' அழிந்துவிட வேண்டும். பழியைக் கம்ப்யூட்டர் மேல் போட்டுவிடலாம். இதுதான் அவர் திட்டம். அதற்கு நல்ல நேரம் கேட்டு என்னிடம்தான் வந்தார்! நான் என்னத்தைக் கண்டேன்? காலண்டரைப் பார்த்து, "அடுத்த திங்கக்கிழமை, ராகு காலம் போகட்டும், ஒன்பதே காலுக்கு உட்காருப்பா" என்றேன். அருணாசலா, என் பங்குக்கும் பாவம்.

திங்கட்கிழமை வந்தது. கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்து, மவுஸ் பக்கத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினாராம். சந்திரகலா ஒரு சீட்டில் விலாசமும் பாஸ்வேர்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, குழம்பு வைக்கப் போய்விட்டாள். இவர் அவள் பாடங்களைத் தேடிப் பிடித்து, அழி என்று அமுக்கினார்.

"நிஜமாத்தானான்னு ரெண்டு தரம் கேட்டுச்சும்மா."

"அப்பவாவது யோசிச்சிருக்கலாமேப்பா?"

"யோசிச்சேன். டீக்கடை ஞாபகம் வந்துடுச்சு."

சாப்பாட்டு நேரத்தில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சமையல்கட்டில் போய் நின்றார்.

"சந்திரா, மனசைத் தேத்திக்க. மாத்தறப்ப உன் பாடம் எல்லாம் போயிடுச்சு."

"அடடா. உங்களுது?"

"அது மட்டும் எப்படியோ தப்பிச்சிடுச்சு."

"கம்ப்யூட்டருக்கே உங்க மேல என்ன மரியாதை பாருங்க!" அவள் ரசம் தாளித்துக்கொண்டே சொன்னாளாம். "பரவாயில்லைங்க. அது ஒத்திகைதானே."

"என்ன ஒத்திகை?"

"எதையும் நேரா மாத்தக் கூடாதுங்க. அச்சா அதே மாதிரி ஒண்ணு நகல் எடுத்து, அதுல செஞ்சு பார்த்துட்டுத்தான் நிஜத்துல கை வைக்கணும். நீங்க நல்ல நேரத்துக்குக் காத்துட்டு இருந்தீங்களா, நான் போன புதன்கிழமையே நிஜ சைட்டை மாத்திட்டேன். உங்க பாடம், என் பாடம், அத்தனை பேர் மார்க்கு, ஒண்ணும் சிந்தலை. நகல் சும்மாதானே கிடக்குது, நீங்க ஆசைப்பட்டீங்களேன்னு அதைக் குடுத்தேன்."

இவர் போய் மவுஸ் பக்கத்தில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து அவளிடம் கொடுத்தாராம்.

"புதுசுல இன்னொரு வசதிங்க. எந்தப் பாடத்தை எத்தனை தரம் திறந்தாங்கன்னு காட்டுது. செருப்புப் பாடம் இருநூத்து ஆறு தரம்."

"என் புணர்ச்சி விதி?"

"மூணு."

"மூணு பேராவது இருக்காங்களே!"

"அதுல ரெண்டு தரம் திறந்தது நான்தாங்க. எல்லாம் சரியா வந்திருக்கான்னு திறந்து பார்த்தேன்."

அதைச் சொல்லும்போது தம்பிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. விபூதி பூசி, எழுப்பிக் கூட்டி வந்தேன்.

உங்கள் வீட்டில் இண்டர்நெட் இருந்தால், அவர் பாடத்தை ஒரு தரம் திறந்துவிட்டு மூடிவிடுங்கள். படிக்கக்கூட வேண்டாம்.